மோட்டார் ரூமில் பார்த்த சிவப்பு

என் வீட்டுக்காரரைப் பொய்யர் என்று சொன்னவர்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அத்தனை பேரும் ரசாயனம் படித்தவர்கள். திண்டுக்கல்லில் மற்ற யாருக்கும் அவர் என்ன சொன்னார் என்பதே தெரியாது, அப்புறம் எங்கே அது மெய்யா பொய்யா என்று பார்ப்பது! எதிர்வீட்டம்மா ஒருமுறை கேட்டாள், “ஒங்க வீட்டு சாரு என்னமோ மினுக்குற உப்பு செஞ்சாராமே, வெஞ்சனத்துல போடலாமா?” என்று. போடக்கூடாது என்றேன். “அப்ப எதுக்கு அம்புட்டுப் பாடு?” என்றாள். நியாயமான கேள்விதான். இத்தனை காலம் கழித்து உட்கார்ந்து எழுதுவதும் அதற்கு ஒரு பதில் சொல்லத்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. அவர் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் கோட்டுப் போட்டுத்தான் நிற்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் அது என்ன வேண்டுதலோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கும் ஒரு கருநீலக் கோட்டு தைத்தார்கள். ஒரு மனுஷனுக்கு ஆயுசுக்கும் ஒரே கோட்டு, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் என்றால் அது, கல்லூரிக்குப் பெரிய ஆள் வந்தால் அது. அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. அதனால் மார்கழிப் பனிக்கு ஆய்வுக்கூடத்திலும் அதையே மாட்டிக்கொண்டு நிற்பார். “அமிலம் பட்டா ஓட்டையாயிரும்ங்க” என்று நான் கத்தினால், “ஓட்டை வழியா காத்து வரட்டும்” என்பார்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதற்குப் பிறகு எதுவும் விளங்காது.

யூரோப்பியம் என்று ஒரு உலோகம் இருக்கிறது. கடற்கரை மணலைச் சலித்துப் பிரித்தெடுக்கிற அருமண் உலோகங்களில் ஒன்று. எங்கள் கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வந்த காஸ் லைட்டின் மேண்டிலில் இருந்தது அதன் பங்காளி. இந்த யூரோப்பியத்துக்குத் தானாக வெளிச்சத்தைப் பிடிக்கும் சாமர்த்தியம் போதாது. அதைச் சுற்றிக் கை கோத்த மாதிரி சில கரிம மூலக்கூறுகளைக் கட்டிவிட்டால் அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, நடுவில் உட்கார்ந்திருக்கிற உலோகத்திடம் கொடுக்கும். உலோகம் அதைச் சிவப்பு வெளிச்சமாக வெளியே விடும். சும்மா பார்த்தால் வெளிறிய மாவு. புற ஊதா விளக்கின் அடியில் வைத்தால் சிவப்பு.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கண்டது வேறு. ஒரே பொருளை ஒரே பாத்திரத்தில் செய்தாலும் அது இரண்டு விதமான படிகமாக விழக்கூடும், ஒன்று கண்ணைப் பறிக்கிற மாதிரி எரியும், இன்னொன்று செத்துப்போன கங்கு மாதிரி மங்கிக் கிடக்கும் என்றார். காரணம் பொருளில் இல்லை, மூலக்கூறுகள் உள்ளே அடுக்கிக்கொண்ட விதத்தில் இருக்கிறது என்றார். தட்டையான அந்தக் கைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுத்துவிட்டால், வாங்கிய ஒளியை உலோகத்துக்குக் கொடுக்காமல் பக்கத்து மூலக்கூறுக்குத் தள்ளிவிடும். அது அடுத்ததற்குத் தள்ளும். கடைசியில் எல்லாம் வெறும் சூடாகப் போய்விடும். கொஞ்சம் விலகி அடுக்கியிருந்தால் ஒவ்வொன்றும் தன் வெளிச்சத்தைத் தானே காட்டும்.

“எங்கப்பா பூ மூட்டை கட்டுறாப்பல” என்றேன். என் அப்பாவுக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். பூவை அமுக்கிக் கட்டினால் மார்க்கெட் போவதற்குள் வெந்துவிடும். தளர்த்திக் கட்டினால் தப்பிக்கும். அவர் சிரித்துவிட்டு, “அதேதான். பொருள் ஒண்ணு, அடுக்கு வேற” என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்காத நாள் இல்லை. சில நாள் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

எரிகிற படிகம் அவருக்கு ஒரே ஒருமுறைதான் விழுந்தது. ஒரு மார்கழியில். அப்போது நான் பிரசவத்துக்கு அப்பா வீட்டில் இருந்தேன். பஸ் பிடித்து ஓடி வந்து, “நீ வந்ததும் மொத வேலையா ஒனக்குக் காட்டுறேன். அப்பிடி ஒரு செவப்பு நீ பாத்திருக்க மாட்ட” என்றார். குழந்தை தங்கவில்லை. ஒரு இரவு மட்டும் இருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றி என்னால் எழுத முடியும். உடம்பு தேறி நான் டவுனுக்குத் திரும்பியபோது, அந்தப் படிகம் மொத்தத்தையும் அவர் தன் பேராசிரியருக்குப் பார்சலில் அனுப்பியிருந்தார். “அதுக்கென்ன, திரும்பச் செஞ்சு காட்டுறேன்” என்றார். எங்கள் வீட்டில் அப்போது வேறு எதைப் பற்றியும் பேச முடியாமல் இருந்ததால், அதைப் பற்றியே பேசினோம்.

பேராசிரியர் வெளியூர்க்காரர். அவர் கையெழுத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு டாக்டர் பட்டம், பட்டம் வந்தால்தான் கல்லூரியில் வேலை நிலைக்கும். மனுஷர் பார்சலோடு இவர் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு மகிழ்ந்து, தன் பெயரையும் சேர்த்து நாலு பேர் முன்னால் வாசித்தும் விட்டார். அதற்குப் பிறகுதான் பார்சலைப் பிரித்திருக்கிறார். ரயிலிலும் தபால் மூட்டையிலும் நசுங்கி, படிகம் மாவாகிப் போயிருந்தது. நசுங்கினால் அடுக்கு கலையும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மற்ற மாணவர்களை வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார். மாவு மங்கலாகக் கிடந்தது. “இதுவாப்பா நீ எழுதின சிவப்பு?” என்றாராம். இவர் ரயிலில் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. எத்தனை தடவை செய்தாலும் மங்கல்தான் விழுந்தது. அதே அளவு, அதே ஸ்பிரிட்டு, அதே பாத்திரம். அடுத்த மார்கழியும் வந்து போனது. கல்லூரியில் உடன் வேலை பார்த்தவர்கள், “சாருக்குக் கண்ணுல ஏதும் கோளாறா?” என்று முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்து, பிறகு முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். சோற்றில் கை வைத்தபடி ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார், “நீயாச்சும் நம்புறியா?”

“நம்பாமலா ஒங்ககூட குப்பை கொட்டுறேன்? சாப்புடுங்க” என்றேன். நம்பினேன். ஆனால் பார்க்காமல் நம்புவது வேறு, பார்த்து நம்புவது வேறு. அந்த வித்தியாசம் அவர் முகத்தில் எப்போதும் தெரிந்தது.

தயிருக்கு உறை ஊற்றும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புளித்த மோரை உறை ஊற்றினால் புளித்த தயிர்தான் வரும். ஒரு துளி போதும், பானை முழுவதும் அதன் வழிக்குப் போகும். மங்கல் படிகத்தின் தூசி அந்த ஆய்வுக்கூடம் முழுக்கப் பறந்து கிடக்கிறது, எந்தக் கரைசலை வைத்தாலும் அதில் விழுந்து தன் அடுக்கையே சொல்லிக்கொடுக்கிறது, அப்படித்தானே என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தூசி போகாத எடம் ஒண்ணு வேணும்” என்றார்.

அப்பாவின் தோட்டத்தில் கிணற்றடியில் மோட்டார் ரூம் இருந்தது. ஜன்னல் கிடையாது. கரண்டு உண்டு. உள்ளே எப்போதும் குளுமை. யூரோப்பியம் அந்தத் தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை. சித்திரை விடுமுறையில் அங்கே போனோம். நான் விட்ட கெடுபிடி கொஞ்ச நஞ்சமல்ல. ஆய்வுக்கூடத்துச் சாமான் ஒரு துரும்பு வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். புதுக் கண்ணாடிப் பாத்திரம், புது வேட்டி, புதுச் செருப்பு. மருந்துகள்கூட மூடி திறக்காத புது சீசாக்கள். ஒரு சிநேகிதர் கடன் கொடுத்த புற ஊதா விளக்கை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து என் கை வெந்துபோனது. இவரைத் தொட்டியில் இறக்கி, தலைமயிர் முதல் நகக்கண் வரை தேய்த்துக் குளிக்க வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக்கூட விடவில்லை. “அடி பாவி, தோலையும் உரிச்சிருவ போலருக்கே” என்றார். வெகுநாள் கழித்து அவர் சிரித்தது அன்றுதான்.

கரைசலை ஈர மணலுக்குள் புதைத்து வைத்தோம். தெளிந்து கிடந்தது. அது ஒன்றே எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது, ஏனென்றால் கல்லூரியில் வைத்த கரைசல் இப்படித் தெளிவாக நின்றதே கிடையாது. உடனே கலங்கிவிடும். பேராசிரியர் கோடைக்குக் கொடைக்கானல் போகிறவர். கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி, மலைக்குப் போகும் வழியில் தோட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். இதுதான் கடைசி என்றும் சொல்லியிருந்தார்.

அன்று காலையில் நான் அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தேன். வாடகைப் பிளஷர் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காபியை ஆற்றி எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். வாசலில் என் கால் நின்றுவிட்டது. இவர் கருநீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தின் மூடியைத் திறந்து, அதன் மேல் குனிந்து பேராசிரியருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கோட்டுக் கை பாத்திரத்துக்கு மேலே ஆடியது.

விஷயம் இதுதான். அப்பா விடியற்காலை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போயிருக்கிறார், விருந்தாளிக்கு பிஸ்கட்டும் நல்ல காபித்தூளும் வாங்க. வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டைத் திறந்து கோட்டை எடுத்து, தன் துண்டால் போர்த்திப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். “அம்புட்டுப் பெரிய மனுசன் முன்னால மாப்பிள்ளை வெறும் சட்டையோட நிக்கலாமா?” என்று இவர் கையில் கொடுத்திருக்கிறார். இவர் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். மாமனார் அத்தனை ஆசையாகப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, காரும் வந்து நிற்கும்போது, எத்தனை தடவை வேண்டாம் என்பது? மாட்டிக்கொண்டார். யாரைக் குற்றம் சொல்ல? மரியாதையைத்தான் சொல்ல வேண்டும்.

பேராசிரியர் காபியைக் குடித்து முடிக்கவில்லை. தெளிந்திருந்த கரைசல் ஒரு மூலையில் பால் மாதிரி வெளுத்தது. பிறகு கண்ணுக்கு முன்னாலேயே பாத்திரம் முழுக்க ஊசி ஊசியாக விழுந்து நிறைந்தது. கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்து, இவர் விளக்கைப் போட்டார். மங்கல். தெரிந்த மங்கல்தான். கிணற்றுக்குள் புறா ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

“நான் உன்னைக் கெட்டவன்னு சொல்லலைப்பா” என்றார் பேராசிரியர். “ஆசை கண்ணை மறைச்சிடுச்சு. ஆனா நான் எல்லார் முன்னாலயும் வாசிச்சிட்டேனே? அது பொய்யின்னு இப்போ நானே சொல்லணும்.” வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து காருக்குப் போனார். கேசரியைத் தொடவில்லை. நல்ல மனுஷராகத்தான் போனார், அதுதான் எனக்கு வயிறு எரிந்தது. கெட்டவராக இருந்தால் சபிக்கவாவது செய்திருப்பேன்.

உள்ளே திரும்பி வந்தால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இவர் அசையாமல் நின்றார். இருட்டில் அவருடைய கோட்டுக் கை மட்டும் தெரிந்தது. நூல் நூலாக, பொட்டுப் பொட்டாக, மங்கல் சிவப்பு. மார்பிலும் இருந்தது. தான் போகிற இடமெல்லாம் அதைச் சுமந்துகொண்டே போயிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கோட்டைக் கழற்றி விளக்கடியில் விரித்தார். தடவித் தடவிப் பார்த்தார். உள்பையை வெளியே இழுத்துப் பிரட்டினார்.

“இந்தா... ஏ, இந்தா, இங்க வா!”

பையின் தையல் இடுக்கில் ஒரு பொட்டு. அரிசிக் குறுணையில் பாதிகூட இருக்காது. மார்கழியில் எப்படியோ உள்ளே விழுந்து, தையலுக்குள் ஒளிந்து, நசுங்காமல் தப்பித்திருக்கிறது. அந்தப் பொட்டு எரிந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. பழுத்த மிளகாய்க்குள் விளக்கு வைத்த மாதிரி இருந்தது. சுற்றியிருந்த மங்கல் எல்லாம் அதன் பக்கத்தில் அழுக்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை போனபோது வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

“ஊக்கு இருக்கா? மெல்ல எடுத்துருவோம். ஓடிப்போய் சாரை நிறுத்து” என்றார். என் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். முனை பட்டது. ‘டிக்’கென்று ஒரு சத்தம், கண்ணில் வெட்டிய மாதிரி ஒரு மின்னல். அவ்வளவுதான். பொட்டு இரண்டாக, நாலாக உடைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப்போனது.

“நீ பாத்தேல்ல?” என்றார்.

“பாத்தேங்க.”

“போதும்” என்றார். போதவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெறுங்காலோடு ரோடுவரை ஓடினேன். காரின் புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது.

திரும்பிப் போய், கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டார். “என்னம்மா? நான் கோட்டைக் கொண்டாந்தேனே, அதனால ஏதும் ஆகிப்போச்சா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். “சேச்சே, கோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாமா. சித்திரை வெயிலு கெடுத்துருச்சு. வாங்க, கேசரி ஆறுது, சாப்புடுவோம்.” உட்கார்ந்து இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் மலையிலிருந்து இறங்குகிற நாளை விசாரித்து, கொடைரோடு பிளாட்பாரத்தில் போய் நின்றேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க அவரோட மனைவி, அம்மா. நீங்க வேற எப்படிச் சொல்வீங்க?” என்றார். நானும் ரசாயனம் படித்தவள் என்றேன். வண்டி வந்துவிட்டது.

அந்த வருஷமே கல்லூரி வேலை போனது. இவர் தோல் பதனிடுகிற ஷாப் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மருந்துக் கணக்குப் பார்க்கிற வேலைக்குப் போனார். ரசாயனம் படித்தவருக்கு அந்த ஊரில் வேறு என்ன கொடுப்பார்கள்? அந்த நாற்றமும் நெடியும் இழுப்புக்காரருக்கு ஆகுமா? மழை இல்லாத ஒரு வருஷம், புழுதிக் காற்று அடங்காத மாதத்தில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு நின்றுபோனது. அறுபதுகள் முடியவில்லை. அவருக்குத் தலை நரைக்கவும் இல்லை.

எங்களில் கல்யாணக் கோட்டைப் போட்டுத்தான் சவப்பெட்டியில் வைப்பார்கள். அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். போர்த்தி எடுத்துவந்ததும் அதே துண்டுதான். எனக்கு அந்தக் கோட்டைப் பிடுங்கி அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று அப்பா கேட்பார். ஏன் என்று சொன்னால், இவர் அன்று கேசரிக்குக் கூப்பிட்டபடி என் அப்பாவுக்காகச் சொன்னது வீணாகிப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கையை நான் பிடித்தேன், இன்னொரு கையை அப்பா பிடித்தார். இரண்டு பேருமாகப் போட்டுவிட்டோம்.

கல்லூரியிலிருந்து ஒருவர் மாலையோடு வந்திருந்தார். பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார், “நல்ல மனுஷன். அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லாம இருந்திருந்தா...”

நான் நிமிர்வதற்குள் அப்பா நிமிர்ந்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. “தம்பி, எம் மாப்பிள்ளை பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இல்லம்மா?” என்றார்.

“ஆமாப்பா” என்றேன். மேல் பொத்தான் தளர்ந்து தொங்கியது. அதை நானே போட்டுவிட்டேன்.